நிபந்தனை இல்லாத இருபதாயிரம்

லோகேஸ்வரி: அண்ணே, அண்ணே... கீழ உக்காராதீங்க. இப்பதான் மொப் போட்டேன்.

யோகேஸ்வரன்: பரவால்ல தோழர். நான் நாற்காலியில, நீங்க கீழன்னு இருந்த காலமெல்லாம் போச்சு.

லோகேஸ்வரி: நாங்களும் நாற்காலியிலதாண்ணே இருக்கோம். இந்தா, மூனு கிடக்கு.

யோகேஸ்வரன்: இருக்கட்டும். மண்ணோட மண்ணா...

அம்சவள்ளி: மண்ணு இல்ல தம்பி, சிமெண்டு. வெள்ளை சிலுவார் வேற போட்டிருக்கீங்க.

யோகேஸ்வரன்: ...ஆமா. ஈரமாத்தான் இருக்கு.

லோகேஸ்வரி: சொன்னேன்ல.

அம்சவள்ளி: எந்திரிங்க. லோகேஸ், அந்த நாற்காலிய இழுத்துப் போடு. பசியாறிட்டீங்களா தம்பி?

யோகேஸ்வரன்: ஆச்சுக்கா. அக்கான்னு கூப்பிடலாமில்ல? பயிலரங்குல தோழர்னுதான் சொல்லிக் குடுத்தாங்க.

அம்சவள்ளி: அக்கான்னே சொல்லுங்க. இவளையும் லோகேஸ்வரின்னே கூப்பிடுங்க. கையுறை பேக்டரியில அவளுக்கு நம்பர்தான். பேரு சொல்லிக் கூப்பிட்டா சந்தோசப்படுவா.

லோகேஸ்வரி: என்ன பயிலரங்குண்ணே?

யோகேஸ்வரன்: பினாங்குல, மூனு நாளு. வசதியுள்ளவங்க தங்களோட வர்க்கத்த எப்படி உடைக்கிறதுன்னு. கடல் பார்த்த ஹோட்டலு. ஆயிரத்து இருநூறு வெள்ளி, சாப்பாட்டோட.

லோகேஸ்வரி: உடைஞ்சிச்சா?

யோகேஸ்வரன்: மனசு உடைஞ்சிச்சு. மூனாவது நாளு அழுதுட்டேன். எங்கப்பா பீடோங்ல மூனு கடை வச்சாரே, அது யாரு காசு? எஸ்டேட்டு சனங்க காசு. சம்பளத்தன்னிக்கு லோரியில வந்து இறங்கி, எங்க கடையிலதான் சாமான் வாங்குவாங்க. அந்தச் சொத்த நான் திருப்பிக் குடுக்கணும்.

அம்சவள்ளி: கடையவா?

யோகேஸ்வரன்: கடைய இல்ல... அதுல வர்றதுல ஒரு பங்கு.

லோகேஸ்வரி: எங்க சின்னையா மாமா மவ உங்க கடையிலதான் இருக்கா. போன வருசம் சம்பளத்தக் கூட்டிக் கேட்டாளாம்.

யோகேஸ்வரன்: அது வேற. அது வியாபாரம். இது தோழமை.

லோகேஸ்வரி: ஓ...

அம்சவள்ளி: நீ சும்மா இரு லோகேஸ். தம்பி, நான் நேரா சொல்லிடறேன். முப்பத்தோரு குடும்பம் லயத்த காலி பண்ணணும்னு நோட்டிஸ் ஒட்டிட்டாங்க. புது முதலாளி செம்பனைய வெட்டிட்டு தாமான் வீடுங்க கட்டப் போறாராம். எந்த ஆபிசுக்குப் போனாலும், உங்க சட்டமன்ற ஒய்பிகிட்ட சொல்லுங்கன்னாங்க. ஒய்பி போன மாசம் செத்துட்டாரு.

யோகேஸ்வரன்: நல்ல மனுசன்.

லோகேஸ்வரி: ரெண்டு தடவை வந்தாரு. ரெண்டு தடவையும் ஓட்டு கேட்டுத்தான்.

அம்சவள்ளி: இப்ப எங்க கமிட்டிக்கு எட்டாயிரம் வேணும். வீடு வீடாப் போய்ச் சேர்த்ததுல மூவாயிரம்தான் தேறிச்சு. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள கட்டணும். விட்டா, அந்த வீடுங்களுக்காகப் பேச வேற வழியே கிடையாது.

யோகேஸ்வரன்: எட்டாயிரமா? எதுக்கு... இல்ல. கேக்கமாட்டேன்.

லோகேஸ்வரி: கேளுங்களேன்.

யோகேஸ்வரன்: கூடாது. காசு குடுக்குறவன் எதுக்குன்னு கேட்டா, அந்த நிமிசமே அவன் முதலாளி தவுக்கே ஆயிடுறான். ரெண்டாவது நாள் பாடமே அதுதான்.

லோகேஸ்வரி: நாங்களே சொல்றோம்லா. அது என்னன்னா...

யோகேஸ்வரன்: வேணாம்! காதைப் பொத்திக்குவேன்.

அம்சவள்ளி: விடு. அவருதான் வேணாங்குறாரே.

லோகேஸ்வரி: அப்புறம் வருத்தப்படுவாருக்கா.

யோகேஸ்வரன்: யாரு, நானா? நான் குடுத்தத திரும்பிப் பாக்குற ஆளே கிடையாது.

லோகேஸ்வரி: கோலா கெத்தில்ல மாதர் குழுவுக்கு ஐஸ்பெட்டி குடுத்தீங்களே, அத மூனு தடவை வந்து பாத்தீங்கன்னு சொன்னாங்க. மூடியில உங்க பேரு உரிஞ்சு போச்சான்னு...

யோகேஸ்வரன்: அது... வெயில்ல ஸ்டிக்கர் நிக்குமான்னு பாக்கப் போனேன். சரி, பேச்சு எதுக்கு? இந்தாங்க. இருபதாயிரம். எல்லாம் நூறு வெள்ளி நோட்டு.

அம்சவள்ளி: அஞ்சாயிரம் போதும் தம்பி. மூனு கையில இருக்கே.

யோகேஸ்வரன்: அஞ்சாயிரத்தப் பத்தி எவன் பேசுவான்... அதாவது, போராட்டத்துக்கு அஞ்சாயிரம் பத்தாது. வச்சுக்குங்க. நிபந்தனை கிடையாது. நன்றிகூட வேணாம். மாலை, பொன்னாடை, போட்டோ எதுவும் கூடாது.

அம்சவள்ளி: பொன்னாடைக்கு எங்ககிட்ட ஏது காசு.

யோகேஸ்வரன்: தெரியும்கா. உங்களுக்கு ஏன் செலவுன்னு நானே ஒன்னு வாங்கிட்டு வந்தேன். காடியில இருக்கு.

லோகேஸ்வரி: கூடாதுன்னீங்க?

யோகேஸ்வரன்: எனக்காக இல்ல. உங்க மனசுல ஒரு குறை இருக்கக்கூடாதுல்ல.

லோகேஸ்வரி: எங்களுக்கு ஒரு குறையும் இல்லண்ணே.

யோகேஸ்வரன்: ...சரி. ஒரு அட்டை செக்கும் காடியிலதான் இருக்கு. கொஞ்சம் பெருசு. ஆறடி. சீட்டை மடக்கித்தான் ஏத்துனேன்.

அம்சவள்ளி: காசுதான் கையில குடுத்துட்டீங்களே, செக்கு எதுக்கு?

யோகேஸ்வரன்: போட்டோவுக்... ஆவணத்துக்கு. நாளைக்கு மத்த பணக்காரங்களும் பாத்து மனசு மாறணும்ல.

லோகேஸ்வரி: நான் போய் எடுத்துட்டு வரவா?

அம்சவள்ளி: உக்காரு. தம்பி, முதல்ல நீங்க மனசுல வச்சிருக்கறத சொல்லிடுங்க. வந்ததுல இருந்து அந்தக் காடிச் சாவிய உருட்டிக்கிட்டே இருக்கீங்க.

யோகேஸ்வரன்: இல்லக்கா... நிபந்தனை இல்ல. சின்ன உதவி. நாளைக்குக் காலையில நீங்க சும்மாதானே இருப்பீங்க?

அம்சவள்ளி: எங்க சும்மா? டவுனுக்குப் போகணும். லயமே கிளம்புது. திவாகரன் லோரி சொல்லியிருக்கான்.

யோகேஸ்வரன்: டவுன்ல எங்க?

அம்சவள்ளி: மண்டபத்துக்கு. வேட்புமனு வாங்குறாங்கல்ல, அங்க.

யோகேஸ்வரன்: அக்கா! உங்களுக்கு யாரு சொன்னா? யாருக்கும் தெரியாம வச்சிருந்தேனே! டிரைவர் காளிதாசனா?

அம்சவள்ளி: என்ன சொன்னா?

யோகேஸ்வரன்: நான் இடைத்தேர்தல்ல நிக்கிறத!

அம்சவள்ளி: நீங்க நிக்கிறீங்களா?

யோகேஸ்வரன்: சுயேச்சையாத்தான். மக்கள் வேட்பாளர்.

லோகேஸ்வரி: எந்த மக்கள்?

யோகேஸ்வரன்: நீங்கதான்! முப்பத்தோரு குடும்பமும் எனக்காக லோரியில வர்றீங்களே, எனக்குக் கண்ணு கலங்குது. நான் கேக்கவே இல்ல பாருங்க. இதுக்குப் பேருதான் தோழமை.

அம்சவள்ளி: தம்பி, இந்தாங்க. உங்க காசை எடுத்துக்குங்க.

யோகேஸ்வரன்: என்னக்கா இது?

அம்சவள்ளி: நீங்க நிக்கிறது எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டேன். எடுங்க.

லோகேஸ்வரி: அக்கா... பத்து மணிக்கு அப்புறம் என்ன பண்றது? வேற யாருகிட்டப் போறது?

அம்சவள்ளி: மோதிரம் இருக்கு. பாத்துக்கலாம். எடுங்க தம்பி.

யோகேஸ்வரன்: ஐயோ, லஞ்சமாயிடும்னு பயப்படுறீங்களா? அதெல்லாம் இல்லக்கா. இப்ப எடுத்துட்டுப் போனா ஊரு என்ன பேசும்? பேஸ்புக்ல வேற போட்டுட்டேன்.

லோகேஸ்வரி: அதுக்குள்ளயா? போட்டோகூட எடுக்கலியே.

யோகேஸ்வரன்: வர்ற வழியில காடியில உக்காந்து எழுதிட்டேன். 'எதிர்பார்ப்பும் இல்லை, நிபந்தனையும் இல்லை, இனி அந்தப் பணம் அவர்களுடையது'ன்னு. அறுநூறு லைக்கு. பெண்டாங்ல இருந்து ஒரு வாத்தியார் கவிதை எழுதியிருக்காரு.

அம்சவள்ளி: அழிச்சிடுங்க.

யோகேஸ்வரன்: அழிக்கிறதா? டத்தோ பட்டம் வாங்கின ஒருத்தரே ஷேர் பண்ணியிருக்காரு. வாபஸ் வாங்கினா நாளைக்கு எவன் எனக்கு ஓட்டு போடுவான்? வச்சுக்குங்க. இது கடைசி வார்த்தை.

அம்சவள்ளி: மூனு தடவை சொல்லிட்டேன். நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?

யோகேஸ்வரன்: எங்கப்பா மேல ஆணையா. அது உங்க காசு. நீங்க என்ன வேணா பண்ணுங்க.

அம்சவள்ளி: சரி. லோகேஸ், அஞ்சாயிரத்த விட்டுட்டு மிச்சத்த தனியா வை. அது லயத்து வக்கீலுக்கு.

யோகேஸ்வரன்: பாத்தீங்களா, எவ்வளவு திட்டமா இருக்கீங்க! இப்ப அந்தச் சின்ன உதவி. நாளைக்கு என் மனுவுல முன்மொழியறவர் ஒருத்தர் வேணும். தொழிலாளியா இருக்கணும், பொம்பளையா இருந்தா இன்னும் அம்சம். அக்கா, நீங்க போடுறீங்க.

அம்சவள்ளி: என்னால முடியாது தம்பி.

யோகேஸ்வரன்: கையெழுத்துதான்கா. பேனா நான் தர்றேன்.

அம்சவள்ளி: எழுதத் தெரியும். நான் போட்டா செல்லாது.

யோகேஸ்வரன்: ஏன், பதிவு இல்லியா? சே... உங்களுக்கு ஓட்டுரிமைகூட இல்லாம பண்ணிட்டானுங்களே! என் முதல் பேச்சே இதுதான்.

அம்சவள்ளி: முப்பது வருசமா ஓட்டு போடுறேன்.

யோகேஸ்வரன்: அப்புறம் என்ன? சரி விடுங்க, உங்களுக்குக் கூச்சம். லோகேஸ்வரி, நீ போடும்மா. கையுறை பேக்டரி... அது இன்னும் நல்லா இருக்கு. சீருடையோட வந்துடு.

லோகேஸ்வரி: நான் நேத்தே ஒருத்தருக்கு முன்மொழிஞ்சு கையெழுத்து போட்டுட்டேண்ணே.

யோகேஸ்வரன்: என்னது? யாருக்கு? எவன் வந்தான் இங்க? எவ்வளவு குடுத்தான்?

லோகேஸ்வரி: யாரும் வரலண்ணே. இந்தா, உங்க எதிர்லயே உக்காந்திருக்காங்களே, இவங்களுக்குத்தான். டெபாசிட்டுக்குத்தான் காசு பத்தாம இருந்திச்சு.