அம்மாவின் மச்சம்

சிவாஜிநகரிலிருந்து காக்ஸ் டவுன் போகும் பஸ். முன் சீட்டில் அக்காவும் தங்கையும். அக்கா மடியில், துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு பெண்ணின் முகம்.

“அம்மாவோட மூக்கையும் பிரிச்சிடலாமாக்கா?”

“மூக்கு சரியாத்தான்டி இருக்கு. மச்சம்தான் இந்தப் பக்கம் வந்துடுச்சு. துணிக்குப் பின்பக்கமா வரைஞ்சு வெட்டிட்டேன். திருப்பினா, எல்லாம் இடம் வலமா மாறிப்போச்சு.”

“அப்பா என்ன சொன்னார்?”

“யாரு இதுன்னு கேட்டார்.”

“அம்மா?”

“பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்துப் பார்த்தாங்க. அச்சு அசலா நான்தான், பிரிக்காதேன்னுட்டாங்க.”

தங்கை துணியை வாங்கி, மச்சத்தின் மேல் விரல் வைத்தாள்.

“அப்போ நாம தினம் பார்க்கிற முகத்தை அம்மா பார்த்ததே இல்லையாக்கா?”