நாலாவது விதியும் ஒரு வாத்தும்

இல்ல சேச்சி, நீங்களே சொல்லுங்க, முட்டை அன்பளிப்புல சேருமா சேராதா? வாத்து அன்பளிப்பு, ஒத்துக்குறேன். குட்டப்பன் சேட்டனோட கால் புண்ண இருபத்தொரு நாள் நான்தான் கழுவிக் கட்டுனேன். வீட்டுக்குப் போறப்ப மனுஷன் ஒரு வாத்தக் கொண்டாந்து டிரெஸ்ஸிங் ரூம் கதவுல கட்டிட்டுப் போயிட்டாரு. சரி. ஆனா முட்டை? அத அவரா குடுத்தாரு? வாத்துல்ல குடுத்துச்சு! வாத்து என்ன எங்க வார்டு நோயாளியா?

படகு ஆடுது, கொஞ்சம் இந்த வாத்த மடியில புடிச்சுக்கோங்க. கையாட்டாம எனக்குப் பேச்சு வராது. கொத்தாது... கொத்துனாலும் மெல்லத்தான். அதோட கால ரோலர் பேண்டேஜ் போட்டுக் கட்டியிருக்கேன். எலும்பு வார்டுல நாலு வருஷம் நர்ஸா கெடந்தவ நான், அவுந்துராது.

நர்ஸுங்க நோயாளிகிட்ட எதையும் வாங்கக் கூடாதாம். விதி! எங்க ஆஸ்பத்திரி சுவத்துல மாதா படத்துக்குப் பக்கத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. ஆஸ்பத்திரிய நடத்துற மதர் பெனிக்னா என்னைய நிக்க வெச்சு அத வாசிச்சாங்க. எனக்கு! ஒம்பது விதியும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் சேச்சி. அப்புறம் மூணு பேர் கமிட்டி. முட்டைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்! அதுக்குள்ள அஞ்சாம் பெட்டுக்காரருக்கு டிரிப்பு தீந்துபோயி, அவரே ஸ்டாண்டத் தள்ளிக்கிட்டு வந்து கதவத் தட்டுறாரு.

கடைசில தீர்ப்பு என்ன? முட்டையையும் சேத்துத் திருப்பிக் குடுக்கணும். இந்தா பாருங்க, முட்டை இதுக்குள்ளதான், ஒண்ணுக்கு டெஸ்டுக்குக் குடுக்குற டப்பா... புதுசுதான், மொகத்தச் சுளிக்காதீங்க! லேபிள் ஒட்டாம டப்பா வெளிய போகக் கூடாது, அதான் ஒட்டியிருக்கேன். பேரு: வாத்து. வயசு: தெரியாது. டாக்டர்: யாருமில்ல.

சிரிக்காதீங்க சேச்சி. எனக்கு அயர்லாந்துல வேலை கெடச்சிருக்கு. மதர் நன்னடத்தைக் கடுதாசி குடுத்தாத்தான் விசா. வாத்தயும் முட்டையையும் குட்டப்பன் சேட்டன் கையில குடுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’னு கையெழுத்து வாங்கிட்டு அஞ்சு மணிக்குள்ள மதர் முன்னாடி நிக்கணும். நிக்கலன்னா கடுதாசி கெடையாது. பதினாறு வருஷம் ஊராரு பீ மூத்திரம் அள்ளுனவ நான். என் நடத்தை இப்ப ஒரு வாத்து காலுல கட்டிக் கெடக்கு. பயமா இருக்கு சேச்சி. என் மகளுக்கு அங்க ஸ்கூல்கூட பாத்தாச்சு.

என்ன, எந்திரிக்கிறீங்க? நீங்க இறங்க வேண்டிய படகுத்துறை போயிடுச்சா? அட, அடுத்த துறையில இறங்கி வரப்போட நடந்தா பத்து நிமிஷம். உக்காருங்க, முக்கியமான எடத்துக்கு வந்திருக்கேன்.

அந்த ஒம்பது விதியையும் எழுதுன புண்ணியவதி யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே? ...நான்தான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? அச்சாம்மான்னு என் கூட வேல பாக்குறவ. அவளுக்கு ஒரு மீன்காரர் ஆறு கரிமீன் குடுத்தாரு, ஒவ்வொண்ணும் இவ்வளவு பெருசு! தையல் பிரிச்சது நானு, பிளாஸ்திரி ஒட்டுனது அவ. ஒரு மீன் குடுத்தாளா எனக்கு? வாலு கூடக் குடுக்கல! வயிறு எரிஞ்சுச்சு. நேரா மதர்கிட்ட போயி, தொழில் தர்மம் என்னாவுறதுன்னு கேட்டேன். அப்ப நீயே எழுதிக் குடுன்னுட்டாங்க. ஜுர சார்ட்டுக்குப் பின்பக்கம் எழுதுனேன்.

அச்சாம்மா என்ன சொன்னா தெரியுமா? மீனத் திருப்பிக் குடுக்கத்தான் போனாளாம், இதே மாதிரி படகுல, கை தவறித் தண்ணில விழுந்துருச்சாம். வாழையிலையில சுட்டுத் தின்ன மீனு நீந்திப் போச்சாம்! அதுக்குத்தான் நாலாவது விதி போட்டேன்: ‘வழியில் தொலைந்ததாகச் சொல்லப்படும் பொருள், செவிலியால் உண்ணப்பட்டதாகவே கருதப்படும்.’ எப்படி? மதர் கைதட்டுனாங்க சேச்சி! அச்சாம்மாவுக்கு அந்த வருஷம் சீனியர் நர்ஸ் பதவி போச்சு. அழுதா. அழட்டுமே.

அஞ்சாவது விதி இன்னும் நல்லாருக்கும், கேளுங்க... சேச்சி? எங்க ஓடுறீங்க? படகு நிக்கட்டும், விழுந்துரப் போறீங்க! அட, குடை! குடைய விட்டுட்டுப் போறீங்க!

...குடை இங்க இருக்கு. முட்டை இங்க இருக்கு. ஐயோ, சேச்சீ! உங்க கக்கத்துல இருக்கறது குடையில்ல! வாத்து! திரும்பிப் பாருங்க... சேச்சீ!

படகுக்காரச் சேட்டா, திருப்புங்க! என்னது, திருப்ப முடியாதா? திரும்பிப் போற படகு எப்போ? அஞ்சரைக்கா! சேட்டா, நீங்க பாத்தீங்கல்ல? நான் திங்கல, தொலைஞ்சுதான் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க... ஏன் சிரிக்கிறீங்க? நெசமாத்தான்! படகுலதான் தொலைஞ்சுச்சு!

...

சேட்டா. ரெண்டு வருஷம் முன்னாடி, வெள்ளச் சேலை கட்டி, கொஞ்சம் குள்ளமா, ஒரு நர்ஸு... உங்க படகுல இருந்து மீனு ஏதாச்சும் தண்ணில விழுந்துச்சா?