பீச்சாங்கைத் தையல்

மூணாங்கிளாஸ் தாண்டாதவன் நான். ஆனால் கரி ரயில் வண்டியில் என் காதுக்குத் தப்பிய பேச்சு கிடையாது. திண்டிவனத்தில் கயிற்றுச் சுருளோடு ஏறிய அண்ணனும் தங்கையும் விழுப்புரம் வரை பேசிக்கொண்டே வந்தார்கள்.

“படகுக்கு உன் எடது கை வேணும்மா.”

“எந்தப் படகுண்ணா?”

“புயல்ல போச்சே, அப்பாவோட பாய்மரப் படகு! கோட்டக்குப்பம் கரையில கெடக்குது.”

“அதுதான்னு எப்படிக் கண்டுக்கினே?”

“பலகைய கயித்தால தச்ச முடிச்செல்லாம் எடப்பக்கம் திரும்பிக்கினு இருக்குது. அவரு எடதுகைக்காரரு ஆச்சே! வெறகுக்கு ஒடைக்க இருந்தாங்க, நான் மறிச்சிட்டேன்.”

“அறுந்த தையல நீயே போடேன்.”

“என் வலது கைக்கு அந்த முடிச்சு வரலியே. உன்னத்தான் பீச்சாங்கைக்காரின்னு ஊரே சிரிச்சுது!”

அவள் இடது கையால் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். “வண்டிய ஜல்தியா போவச் சொல்லுண்ணா!”