மாதுளை வேரில் இரண்டாவது சேர்மம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அத்தான் அவர்களே, அக்காவின் அன்பு மகளே, ஆய்வகத் தோழர்களே! பேச வராத எனக்கு, மறைந்த அக்காவின் இந்த நினைவுக் கூட்டத்தில் இன்று பேசியே ஆக வேண்டியிருக்கிறது. வணக்கம்.

முனைவர், முதுநிலை ஆய்வாளர் என்று அவருக்குப் பட்டங்கள் உண்டு. நமக்கு அவர் வேரக்கா. மரத்தைக் கண்டால் நாமெல்லாம் பழத்தைத் தேடுவோம். வேரக்கா மண்வெட்டியைத் தேடுவார்! பூஞ்சையும் புழுவும் அண்டாமலிருக்க வேர் தனக்குத்தானே செய்துகொள்ளும் துவர்ப்புப் பொருள்கள்தான் பாலிபீனால்கள். அவற்றைப் பிரித்து, இது இன்னது என்று அடையாளம் சொல்வதற்கே அவர் இருபத்திரண்டு ஆண்டுகளைக் கொடுத்தார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், மாதுளை வேரில் யாரும் கண்டிராத இரண்டு சேர்மங்களை அறிவித்தார். கைதட்டினோம். மறு ஆண்டே, முதல் சேர்மம் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றது வேறோர் ஆய்வகம். எப்படிக் கிடைக்கும்? அது வேரில் இருந்ததே இல்லை, தேயிலையில் இருந்தது! இங்கே வேர்த்தூளைச் சலித்தது டீ வடிகட்டியில்.

அந்தக் காரணத்தை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தவர் வேரக்காதான். "தவறு என்னுடையது" என்று எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றவரும் அவர்தான். பிறகு என்ன நடந்தது? அவர் அறைக்கு 'டீக்கடை' என்று பெயர் வைத்தோம். இந்த மண்டபத்தில் பலர் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மையான இரண்டாவது சேர்மத்தையும் அந்தச் சிரிப்பிலேயே புதைத்தோம்.

அவையோரே! தூளைச் சலித்தவன் நான். சல்லடை கிழிந்திருந்தது. அவசரத்தில், கழுவினால் போதும் என்று நினைத்தேன்.

வேரக்கா அந்த வடிகட்டியோடு வந்து என் முன்னால் நின்றார். "இது இங்க என்ன பண்ணுது தம்பி?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "தப்புக்கு என் பேரை எழுதிடுங்க அக்கா" என்றேன். "உனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல. எனக்கு ஆகி ரொம்ப நாளாச்சு. வாயை மூடிட்டு நல்ல சல்லடையா ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார்.

வாயை மூடினேன். என் வேலை நிரந்தரமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் மூடியே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, தோழர்களே! அவரோ மழைக்காலம், கோடைக்காலம் என்று மாற்றி மாற்றிப் புது வேர் தோண்டி, கழுவி, உலர்த்தி, தானே சலித்தார். ஒவ்வொரு முறையும் இரண்டாவது சேர்மம் வந்தது. நம்புவதற்குத்தான் ஆள் வரவில்லை.

இன்று காலை, அந்தக் கட்டுரை வந்த ஆய்விதழுக்கு உண்மையை எழுதிக் கடிதம் அனுப்பிவிட்டேன். இயக்குநர் அவர்களே, அதன் நகல் உங்கள் மேசையில் இருக்கிறது. என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். அந்தச் சேர்மத்தின் அமைப்பை உறுதிசெய்ய இன்னும் ஒரு பருவத்து வேர் வேண்டும். திங்கட்கிழமை காலை தோட்டத்தில் இருப்பேன். சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோண்டுவேன். கட்டுரை வெளிவரும், அவர் பெயரில் வெளிவரும். இது நான் அவருக்குக் கொடுக்கும் வாக்கு!

பாப்பா, பள்ளிக்கூடத்தில் உன்னையும் 'டீக்கடைக்காரி மகள்' என்று கேலி செய்தார்களாம். அழுதுகொண்டு வந்த உன்னிடம் அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். இப்போது எல்லோர் முன்னிலையிலும் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் அம்மா தப்பே செய்யவில்லை.