சிவப்பு வட்டத்துல நிக்காத வரி

இல்லக்கா, நீங்க உக்காருங்க. உங்க வீட்டுக்காரர் மேசையில இருந்ததெல்லாம் நானே இந்தப் பெட்டியில போட்டுக் கொண்டாந்துட்டேன். ஸ்வெட்டர், ரெண்டு புத்தகம், உங்க பொண்ணு வரைஞ்ச யானை. யானைதானே அது? வெளிய கொண்டுபோக ஒரு சீட்டு தருவாங்க, அது வர இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும். இங்க எல்லாத்துக்கும் சீட்டு.

ஆமா, நான்தான் பக்கத்து சீட்டு. பூனைன்னா சொன்னாரு? நான் நடந்தா சத்தமே வராதுன்னு அவர் வச்ச பேருதான். இப்ப காபி கொடுக்குறவங்ககூட அப்படித்தான் கூப்பிடுறாங்க.

சாப்பிடுறாரா?

ஓ.

குழந்தைக்கு இருமல் மருந்து ஊத்தக்கூட மாட்டேங்கிறாரா... பாட்டில்ல இருக்கிறதப் பத்து தடவ படிச்சுட்டு உங்க கையில குடுத்துடுறாரா. என்ன நடந்துச்சுன்னு ஒண்ணுமே சொல்லலையாக்கா? நான்தான் அந்தப் பெரியவரக் கெடுத்தேன்னு மட்டும் சொல்றாரா? சரி. சொல்றேன்.

ஆஸ்பத்திரில நர்ஸ் கம்ப்யூட்டர்ல நோயாளியோட எடையத் தட்டினா, இவ்வளவு மருந்து ஏத்தணும்னு ஒரு சீட்டு அச்சாகி வரும்ல, அது எங்க வேலை. ரெண்டு மில்லின்னு வரவேண்டியது ஒரு நாள் இருபதுன்னு வந்துடுச்சு. ஏத்திட்டாங்க. பெரியவர் பிழைச்சுட்டாரு, ஆனா சொந்தப் பையனையே இன்னும் யாருன்னு கேக்குறாராம்.

தப்பு ரெண்டே இடத்துலதான் இருக்க முடியும். அளவக் கணக்குப் போடுற இடம், அது நான் எழுதினது. அதச் சீட்டுல அச்சடிக்கிற இடம், அது அவரு. அன்னிக்குக் காலையிலதான் எழுத்துச் சின்னதா இருக்குன்னு அவரு அதத் திருத்தியிருந்தாரு. அதனால எல்லார் கண்ணும் அவர் மேலதான் போச்சு.

எப்படிக் கண்டுபிடிப்போம்னா, சந்தேகப்படுற வரிக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு வட்டம் வைப்போம். பிரேக்பாயின்ட்னு சொல்லுவோம். புரோக்ராம் ஓடி அந்த வரிக்கு வந்ததும் அப்படியே நின்னுடும். உள்ள என்ன கணக்கு இருக்குன்னு பாத்துக்கலாம். மீட்டிங்ல எல்லாருக்கும் எதிர்ல வச்சுப் பாத்தோம். அவர் வரியில டக்குன்னு நின்னுச்சு. என் வரியில நிக்கவே இல்ல. மூணு தடவ வச்சோம். மேனேஜர் கேட்டாரு, உன் வரி ஓடுதா இல்லையாம்மான்னு. ஓடல சார்னு சொன்னேன். பொய் இல்லக்கா. அப்ப அப்படித்தான் நம்பினேன். கணக்குக்கே போகாம அச்சடிக்கிற இடத்துலயே என்னமோ கோளாறாகியிருக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவரும் திரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஆமா, இங்கதான் போலன்னாரு. அவ்வளவுதான். மத்தியானமே அடையாள அட்டைய வாங்கிட்டாங்க.

போன செவ்வாய்க்கிழமை வேற ஒரு ஃபைல்ல ஒரே ஒரு வார்த்தைய மாத்தினேன். திரையில மாறவே இல்ல. திரும்ப மாத்தினேன், அப்பவும் பழசேதான். அப்பதான் பொறி தட்டுச்சு. சர்வர் ஒவ்வொரு தடவையும் நம்ம ஃபைலப் படிக்காதுக்கா. நேரமாகும்னு முன்னாடியே ஒரு பிரதி எடுத்து வச்சுக்கிட்டு அதையேதான் ஓட்டும். திருத்தினா பழைய பிரதிய நாமதான் அழிக்கணும். அழிக்கலைன்னா நாம பாக்குற ஃபைல் ஒண்ணு, ஓடுறது இன்னொண்ணு. ஓடாத ஃபைல்ல எத்தன வட்டம் வச்சா என்ன? எப்படி நிக்கும்? அன்னிக்குக் காலையில திருத்தினப்பவே அவரு தன் ஃபைலோட பழைய பிரதிய மட்டும் அழிச்சிருந்தாரு, அதான் நின்னுச்சு. என்னோட வரி ஓடலைன்னு இல்ல. ஓடுனது அதோட பழைய பிரதி.

உடனே இருந்த பிரதியெல்லாம் அழிச்சேன். வட்டம் வச்சேன். என் வரியில வந்து நின்னுச்சுக்கா! கையத் தட்டிட்டேன், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சுது, எத அழிச்சேன்னு. அவர் மேல தப்பில்லைன்னு சொல்றதுக்கு இருந்தது அந்தப் பழைய பிரதி ஒண்ணுதான்.

சொல்லாம இருப்பேனா? அன்னிக்கே மேனேஜர் அறைக்குப் போனேன். எங்க, காட்டுன்னாரு. எதக் காட்டுவேன்? இப்ப உன் ஃபைல்ல சரியாத்தானே இருக்கு, பழசுல தப்பு இருந்துச்சுன்னு உனக்கெப்படித் தெரியும்னாரு. என் சீட்டுக்கே திரும்பி வந்துட்டேன்.

ஐயோ, அழாதீங்கக்கா. கடிதமா? என்னன்னு எழுதித் தர? இனிமே அதுக்கு மதிப்பில்லக்கா. ஆஸ்பத்திரிக்கு அவர் பேரப் போட்டு அறிக்கையே அனுப்பிட்டாங்க. வேற கம்பெனியில விசாரிச்சாலும் அதத்தான் சொல்லுவாங்க. நீங்க அவர்கிட்ட மட்டும் சொல்லுங்க, அவரோட வரியில ஒரு தப்பும் இல்ல, அந்தப் பிள்ளையே சொல்லிச்சுன்னு. நம்பமாட்டாரா?

என்ன கேட்டீங்க? பழசுல தப்பு இருந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்னா?

ம். மேனேஜர் கேட்டதும் அதையேதான்.

நான் எழுதினதுதானேக்கா, எனக்குத் தெரியாதா. நாப்பது கிலோவுக்குக் கீழ இருந்தா பத்து மடங்கா வரும். அந்தப் பெரியவர் முப்பத்தெட்டு. அவருக்கு ஊசி போடுறதுக்குப் பத்து நாள் முன்னாடியே நான் அதப் பாத்துட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடாம ஃபைல்ல சரி பண்ணிட்டேன். பிரதிய அழிக்கணும்னா எழுந்து நின்னு, ரெண்டு நிமிஷம் யாரும் எதையும் தொடாதீங்கன்னு ஹாலுக்கே கேக்குற மாதிரி சொல்லணும். எதுக்குன்னு யாராவது கேப்பாங்க. எல்லாரும் சாப்பிடப் போகட்டும், அப்ப அழிச்சுக்கலாம்னு உக்காந்திருந்தேன். அவருதான் வா, சாப்பிடப் போலாம்னு கூப்பிட்டாரு. போயிட்டேன். அப்புறம் மறந்தே போச்சுக்கா.