ரெண்டு முடிச்சு

கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க சார். கரி இஸ்திரிப்பெட்டி இது, விசிறினா பொறி பறக்கும். உங்க பேன்ட்ல வுழுந்தா ஓட்டையாயிடும். தோ, அந்த ஸ்டூல்ல குந்துங்க. எங்க நைனாவோடதுதான். அவரு டீ குடிக்கப் போயிருக்காரு, இப்பத்திக்கு வரமாட்டாரு.

படிச்சுக் காட்டினதே போதும் சார், புரிஞ்சிடுச்சு. நான் ஆறாங்கிளாஸோட நின்னவதான், அதுக்குன்னு இதுகூட புரியாதா? பாரத் என்பவர், அதான் எங்க வூட்டுக்காரரு, சுவிட்சு கைப்பிடியில அடையாளத் துண்டு மாட்டாம கம்பத்துல ஏறி, தன்னோட கவனக்குறைவால எறந்துட்டாரு. அதுக்குக் கீழ பொண்டாட்டி முத்துமாரி ஒத்துக்கினு கையெழுத்து போடணும். போட்டா எம்பொண்ணு தமிழ்நிலாவ உங்க கரண்டு சங்கமே ஹாஸ்டல்ல சேத்து காலேஜ் முடியறவரைக்கும் படிக்க வெக்கும். போடலன்னா ஃபைல மூட முடியாது, ஃபைல் மூடலன்னா பொண்ணுக்கு ஒண்ணும் கெடையாது. அதானே?

கோவம்லாம் இல்ல சார். உங்க மேல இன்னா கோவம்? நீங்க வேலைக்கு வந்தே ஒரு வருஷம்தான் ஆவுதுன்றீங்க. என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்காதீங்க, எனக்குப் பேச வராது. இந்தச் சட்டைய பாருங்க. நானும் சட்டையவே பாத்துக்கினு பேசறேன்.

நீங்க பசங்கள இட்டாந்த பஸ் எங்க நிக்குது? லஸ்ஸுலயா. பாவம் பசங்க, வெயில்ல வெந்துக்கினு இருக்குங்க. கிண்டி பார்க்குல மான் காட்டியாச்சா? பீச்சு? வருசா வருசம் நல்லா கட்டுரை எழுதற பசங்கள சங்கம் மெட்ராஸுக்கு இட்டாந்து சுத்திக் காட்டும்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. அவரும் ஒம்பதாவது படிக்கும்போது அப்டி வந்தவருதான். நீங்களுமா? அப்ப நீங்களும் சங்கம் படிக்கவெச்ச பையன்தானா. சர்தான். அதான் மரியாதையா பேசறீங்க.

நான் ஒண்ணும் கெட்டது சொல்லமாட்டேன் சார். திருத்தணி தாண்டி, பார்டர்ல கீற ஊரு. கவர்மென்ட்டு கரண்டு வராத காலத்துல ஊர்க்காரங்களே ஒண்ணு கூடி கம்பி இழுத்த சங்கம். பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் போட்டுக் குடுத்தது சங்கம். சாயந்தரம் பசங்க படிக்கறதுக்கு ஒரு கொட்டாய், அதுல எட்டு லைட்டு. அந்தக் கொட்டாய்ல குந்திதான் நான் என் பேரையே திரும்ப எழுதக் கத்துக்கினேன். கல்யாணமாகிப் போன புதுசுல. சின்னப் பசங்களோட பசங்களா குந்த வெக்கமா இருந்துது, அவரு வெளிய சைக்கிள்ல காலை ஊணிக்கினு நிப்பாரு, நான் ஓடிடக் கூடாதுன்னு.

எங்க கல்யாணம் எப்படி ஆச்சுன்னா கேக்கறீங்க? இந்த இஸ்திரி வண்டிதான் சார். இதே வேப்பமரம், இதே எடம்.

சங்கத்துல பத்துப் பசங்கள பொறுக்கி கிண்டிக்கு ஆறு மாசம் லைன் வேல கத்துக்க அனுப்பினீங்க இல்ல, அதுல ஒருத்தரு. இந்தத் தெரு மூலையில ரூம் எடுத்துத் தங்கியிருந்தாங்க. அவருகிட்ட சங்கத்து மார்க் போட்ட யூனிஃபாரம் சட்டை ஒண்ணே ஒண்ணு. காலையில அத கழட்டிக் குடுத்துட்டு, நான் தேச்சு முடிக்கறவரைக்கும் தோள்ல செவப்புக் கரை துண்டு போட்டுக்கினு மரத்தடியில நிப்பாரு. நான் தலை நிமிந்துகூட பாக்கமாட்டேன். ஒரு நாள் துண்டையும் குடுங்கன்னு வாங்கித் தேச்சுக் குடுத்துட்டேன். துண்ட எவனாவது இஸ்திரி போடுவானான்னு கூட இருந்தவனுங்கள்லாம் ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினானுங்க. அவரு மட்டும் அத மடிப்பு கலையாம எடுத்துக்கினு போனாரு. மூணு வருசம் கழிச்சு வந்து பொண்ணு கேட்டாரு.

எங்க ஜனத்துக்கு அதான் சார் பொழப்பு. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து துணிதான். அழுக்குத் துணி கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது. பஸ்ஸுல முன்ன குந்தினவன் காலர் அழுக்கா இருந்தாகூட எனக்கு மனசு அரிக்கும்.

இருங்க, கரி அவிஞ்சிப் போச்சு. ... ம்.

கரண்டு பெட்டியா? எல்லாரும் மாறிட்டாங்கதான். கேஸ் பெட்டிகூட வந்துடுச்சு. மூணாவது மாடி விஜயலக்ஷ்மி மாமி, அவங்க போர்ஷன்லேர்ந்து ஒயரு இழுத்துக்கோடின்னுகூட சொன்னாங்க. வேணாம்னுட்டேன். எனக்குக் கரிதான்.

இன்னா அது? சங்கத்து வெள்ளிவிழா புக்கா? காட்டுங்க. கை கரியா கீது, நீங்களே திருப்புங்க.

...

இவருதான். போட்டோவுல நல்லா விழுந்திருக்காரு. தலையில ஹெல்மெட்டு, கையில முட்டி வரைக்கும் ரப்பர் உறை. மேல இன்னா எழுதியிருக்கு? இளைஞர் வாழ்வில் ஒளியேற்றிய சங்கம். ஓ.

அந்த உறை அவருது இல்ல சார். போட்டோ புடிக்க மாட்டிவுட்டாங்க. புடிச்ச ஒடனே கழட்டி வாங்கி ஆபீஸ் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க, பத்துப் பேருக்கும் ஒரே ஜோடி. பீரோவுக்கு நல்ல பூட்டு கீது சார். அந்த சுவிட்சு கைப்பிடிக்குத்தான் ஒரு பூட்டு கெடைக்கல.

நீங்க ஆபீஸ்ல குந்தறவரு, தெரியுமோ தெரியாதோ. டிரான்ஸ்பாரம் கம்பத்துல இடுப்பு உசரத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். கீழ இழுத்தா லைன்ல கரண்டு நின்னுடும், மேல தள்ளினா வந்துடும். ஏறப்போறவன் கைப்பிடிய கீழ எறக்கிட்டு தன்னோட துண்ட அதுல கட்டிட்டுப் போவான். ரெண்டு கழனி தாண்டி எங்கயோ கம்பத்து மேல அவன் தொங்கிக்கினு இருப்பான். இங்க துண்டு இருக்கறவரைக்கும் எவனும் கைப்பிடிய தொடமாட்டான். பத்துப் பசங்களோட உசுரும் பத்துத் துண்டுலதான் இருந்துது. பூட்டு கேட்டுப் பாத்தாங்க. அடுத்த கமிட்டியில பாக்கலாம்னாங்க.

இப்ப போட்டுட்டீங்களா? எல்லாக் கைப்பிடிக்குமா? எப்போ? ஓ... அவரு போன அதே மாசம். நல்லது சார். ரொம்ப நல்லது.

இன்னொண்ணும் எழுதிக்கோங்க. அவரு சங்கத்துல வேல செஞ்சாருன்னு எங்கயும் எழுதமாட்டீங்க. பயிற்சி இளைஞர். நாலு வருசம் கம்பம் ஏறினாரு, புயல்ல ராவும் பகலும் கம்பி கட்டினாரு, அப்பவும் பயிற்சிதான். செத்தப்பவும் பயிற்சிலதான் செத்தாரு. ஆஸ்பத்திரியில கேக்கறாங்க, எங்க வேலைன்னு. உங்க அப்போதைய செகரெட்டரி சொல்றாரு, வேல இல்ல, பையன் கத்துக்கினு இருந்தான்னு.

மன்னிச்சுடுங்க சார். உங்கள சொல்லி இன்னா ஆவப்போவுது. நீங்க சின்னப் புள்ள.

இல்லயில்ல, அன்னிக்கு சுவிட்சு போட்ட கோதண்டபாணி அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு மேல தப்பே இல்ல. நான் அன்னிக்கே போலீஸ்கிட்ட சொன்னேனே. ஊரே கரண்டு கேட்டு கத்திக்கினு இருந்துது, நெல்லு காயுதுன்னு. அவரு வண்டியில வந்தாரு, கைப்பிடிய பாத்தாரு, துண்டு இல்ல, வேல முடிஞ்சுதுன்னு மேல தள்ளினாரு. சட்டப்படிதானே செஞ்சாரு. இப்ப எப்படி கீறாரு? ... வூட்ட வுட்டே வரமாட்டாரா? சோறாவது துன்றாரா?

பாவம் சார் அவரு. நெசமாவே பாவம்.

எனக்கு நல்ல மனசுன்னு சொல்லாதீங்க. வேணாம் சார், அப்டிலாம் சொல்லாதீங்க.

தமிழ்நிலாவா? ஒண்ணாவது படிக்குது, கார்ப்பரேஷன் ஸ்கூல்ல. மூணரைக்கு வரும். நல்லா படிக்குது. மிஸ்ஸு சொல்றாங்க, இத நல்ல எடத்துல சேருங்கன்னு. எங்க நைனாவும் தெனம் அதான் கத்தறாரு. செத்தவனுக்கு இன்னாடி பேரு வேண்டிகீது, இருக்கறத பாருன்னு. நேத்து எங்கிட்ட கேக்குது சார், எங்க அப்பாவுக்கு வேல தெரியாதாம்மான்னு. தாத்தா யாருகிட்டயோ பேசினத கேட்டுக்கினு வந்து. ஸ்கூல்ல எவளோ, உங்கப்பன் மறந்துட்டு ஏறினவன்தானேன்னு சொல்லியிருக்கா.

இன்னா பதில் சொல்றது சார் அதுக்கு?

போன தபா வந்த சாருகிட்ட சொன்னேன், துண்டு காத்துல பறந்துடுச்சுன்னு எழுதுங்க, கையெழுத்து போடறேன்னு. முடியாதுன்னுட்டாரு. கட்டின துண்டு பறக்காது, பறந்தாலும் எங்கயாவது கெடந்திருக்கும், ஊரே தேடியும் கெடைக்கல, அதனால அவரு மாட்டவே இல்லன்னாரு. அவரு சொன்னதுல ஒண்ணு நெசம். பறக்காதுதான். எல்லாரும் ஒரு முடிச்சு போடுவாங்க, எங்க வூட்டுக்காரரு ரெண்டு போடுவாரு.

அது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா?

... இந்தப் புடவைய முடிச்சிடறேன். பட்டு, சூடு பாத்து வெக்கணும்.

நான் அப்ப அஞ்சு மாசம். வாய்க்கு எதுவும் புடிக்காது, வூட்டுல குந்தவும் புடிக்காது. அவருக்கு சோறு எடுத்துக்கினு கழனிப் பக்கமா போனேன். எந்தக் கம்பத்துல கீறாருன்னு தெரியல. டிரான்ஸ்பாரத்துகிட்ட வந்தா, கைப்பிடியில அவரு துண்டு தொங்குது. செவப்புக் கரை. காக்கா எச்சம், கிரீஸு, சேறு, அவ்ளோ அழுக்கு. நான் மெட்ராஸ்காரி சார். ஊருக்குப் போயி ஏழு மாசம். அவரு வேலையப் பத்தி வூட்டுல பேசமாட்டாரு, நான் பயப்படுவேன்னு. துண்டு எதுக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. வெயில்ல கழட்டி மாட்டிட்டுப் போயிருக்காரு, இந்த மனுசன் தோள்ல இதையா போடறதுன்னு நெனச்சேன்.

ரெண்டு முடிச்சு. அவுக்கறதுக்குள்ள நகம் பேந்துடுச்சு.

பக்கத்துலயே பம்புசெட்டு தொட்டி. கரண்டு இல்ல, அடியில கொஞ்சம் தண்ணிதான் கெடந்துது. அதுலயே கசக்கிக்கினு இருந்தேன். அழுக்கு போவல. அப்பதான் திடீர்னு மோட்டாரு ஓட ஆரம்பிச்சுது. குழாய்ல தண்ணி குபுகுபுன்னு கொட்டுது. எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா சார்? அப்பாடா, இப்ப நல்லா அலசலாம்னு. அலசினேன். வெள்ளையா வந்துது. சிரிச்சுக்கினு இருந்தேன், ஜனங்க கத்திக்கினு ஓடறவரைக்கும்.

எழுந்துக்காதீங்க சார். குந்துங்க.

அப்புறம்தான் எல்லாரும் துண்டு எங்க துண்டு எங்கன்னு தேடினாங்க. அப்பதான் அது எதுக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது. எம்மடியில ஈரமா இருந்துது. வாயத் தொறக்கல. வயித்துல புள்ள, ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன். மொத நாள் பயத்துல சொல்லல. அப்புறம் ஒவ்வொரு நாளும் நேத்து சொல்லலியேன்னு சொல்லல. ஆறு வருசம் அந்த மனுசன் மேல பழி நிக்குது, கோதண்டபாணி அண்ணன் வூட்டுல முடங்கிக் கெடக்கறாரு, நான் இங்க பூட்டு போடலன்னு உங்கள ஏசிக்கினு கீறேன். பூட்டு போட்டிருந்தா என் கை அத அவுத்திருக்காது சார். அதுவும் நெசம்தான். ஆனா அவுத்தது என் கை.

இங்கதான் கீது. தேக்கறதுக்கு கம்பளி விரிச்சிருக்கேன் இல்ல, அதுக்கு அடியில. மடிப்பு கலையாம.

தோ வரேன் மாமி! ஆயிடுச்சு, கொண்டாறேன்!

அந்தப் பேப்பர குடுங்க சார். மாட்டாமன்னு இருக்கற எடத்த அடிங்க. மாட்டினாரு, ரெண்டு முடிச்சு போட்டு மாட்டினாருன்னு எழுதுங்க. அதுக்குக் கீழ எத்தினி எடத்துல வேணாலும் கையெழுத்து போடறேன். அதுக்கப்புறம் ஹாஸ்டல் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம், ஆனா தமிழ்நிலா வந்து கேட்டா நீங்களே உங்க வாயால, உங்கப்பாவுக்கு வேல நல்லா

வந்துட்டேன் மாமி, படியேறிக்கினேதான் கீறேன்! சார், போயிடாதீங்க, பெட்டி சூடா கீது, அந்தக் கம்பளிய மட்டும் தூக்கிப் பாத்து, அந்தத் துண்ட நீங்களே எடுத்துக்கினு போயி ஆபீஸ்ல