வண்டி பார்க்க வந்தவள்

ஓமனா: ...இங்க பிடிச்சு இழுத்தா போதும், சீட்டு மடங்கிரும். பாத்தியா? பாயே விரிக்கலாம்.

இந்துஜா: நல்ல எடம் இருக்கு அக்கா.

ஓமனா: எடமா? வீட்டுக்குள்ள எனக்கு இவ்வளவு எடம் இல்ல மக்கா. எனக்க மாமியாரு கொண்டையோட நிமிர்ந்து இருந்தாலும் மேல முட்டாது. வெளிய நின்னு பாத்தா அலமாரிக்குச் சக்கரம் வெச்ச மாதிரிதான் இருக்கும். உள்ள கேறினாத்தான் இதுக்க அருமை தெரியும்.

இந்துஜா: சீட்டு இடுக்குல... கறுப்பா... இது என்ன அக்கா?

ஓமனா: எங்க? ஓ... அது மிளகாக்கும்.

இந்துஜா: மிளகா?

ஓமனா: நல்ல மிளகு. பின் சீட்டை மடக்கி, பாய்ல பரத்தி, கண்ணாடியை ஏத்திட்டு வெயில்ல போட்டா ரெண்டே நாளு. மாடில காய நாலு நாளாவும். மழை வந்தா ஓடி ஓடி அள்ளணும்.

இந்துஜா: உள்ள அறுபது டிகிரி வரைக்கும் வரும் அக்கா. நான் பி.எஸ்சி. தாவரவியல். நல்ல டிரையர் இது.

ஓமனா: படிச்ச புள்ளைக்குத்தான் தெரியுது. போன மாசம் கிராம்பு போட்டேன். அந்த மணந்தான் இப்பமும் அடிக்கு. நீ சென்ட்டுன்னு நெனச்சியா?

இந்துஜா: ஆமா... அக்கா, நான் கேள்வியெல்லாம் எழுதிட்டு வந்திருக்கேன். வாசிக்கட்டா?

ஓமனா: எழுதிட்டா?

இந்துஜா: புது ஆளுகளைப் பாத்தா எனக்கு மறந்துரும். அதான். ஒண்ணு... வாங்கி எத்தனை வருசம்?

ஓமனா: ரெண்டரை.

இந்துஜா: ரெண்டு... எத்தனை கிலோமீட்டர்? மீட்டர்ல ஆயிரத்து நானூத்திச் சில்லறைதான் இருக்கு. ரெண்டரை வருசத்துல இவ்வளவுதானா?

ஓமனா: நான் பைய ஓட்டுவேன்.

இந்துஜா: பைய ஓட்டினா கிலோமீட்டர் குறையாதே அக்கா.

ஓமனா: ...பக்கத்துலதான் போவேன். பள்ளிக்கொடம், சந்தை. அடுத்த கேள்வி?

இந்துஜா: மூணு... எதுக்கு விக்கிறீங்க?

ஓமனா: சனிக்கிழமை அவிய கத்தார்லேருந்து வாறாவ. அனில்குமார்னு பேரு, எனக்க வீட்டுக்காரரு. அதுக்குள்ள...

இந்துஜா: அதுக்குள்ள வித்திரணுமா?

ஓமனா: ...ஆ. அதுக்குள்ள. நீ நல்லா ஓட்டுவியா?

இந்துஜா: லைசென்ஸ் இருக்கு.

ஓமனா: அதையா கேட்டேன்?

இந்துஜா: திங்கக்கிழமை வேலைக்குச் சேரணும் அக்கா. மண்ணு, இலை எல்லாம் பரிசோதிக்கிற லேப். கீரிப்பாறை மலைக்குத் தனியா ஓட்டிட்டுப் போய் ரப்பர் இலை எடுத்துட்டு வரணும். ஓட்டத் தெரியல்லன்னா வேலை இல்ல. இன்டர்வியூல எனக்கு வாயே வரல்ல. பத்துக் கேள்விக்கும் கையைப் பிசஞ்சிட்டு இருந்தேன். 'கார் ஓட்டுவியா'ன்னு கேட்டதுக்கு மட்டும் 'ஓட்டுவேன் சார்'னு ரூமுக்கே கேக்கிற மாதிரி சொல்லிட்டேன்.

ஓமனா: பின்ன ஓட்டுவல்லா?

இந்துஜா: ...ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமா அக்கா?

ஓமனா: அதுக்குத்தான காத்திட்டு இருக்கேன்! கேறு, கேறு. தாராளமா ஓட்டு.

இந்துஜா: கேட்டு வரைக்கும் போவட்டா?

ஓமனா: கேட்டு வரைக்குமா? இது என்ன கட்டை வண்டியா? ரோட்டுக்கு விடு.

இந்துஜா: ஐயோ. ஆஃப் ஆயிட்டு.

ஓமனா: கிளச்சைப் பைய விடு.

இந்துஜா: மறுபடியும் ஆஃப் ஆயிட்டு.

ஓமனா: வண்டில ஏதும் கோளாறா?

இந்துஜா: வண்டில இல்ல அக்கா, எனக்க கால்ல.

ஓமனா: பைய விடு மக்கா. பைய... பைய... ஆ! நவுந்துட்டு! கொள்ளாம். வலத்தோட்டுத் திருப்பு.

இந்துஜா: ஆரும் வரல்லியே?

ஓமனா: ஒரு கோழி. போவட்டு. இப்பம் ரெண்டாம் கியர் போடு.

இந்துஜா: நீங்க இவ்வளவு அனுபவசாலியா இருக்கது எனக்குத் தைரியமா இருக்கு அக்கா.

ஓமனா: ரோட்டைப் பாரு. நடுவுல ஒரு ஆளு நிக்காரு. ஹாரன் அடி.

இந்துஜா: வயசானவரு. எப்படி அடிக்க?

ஓமனா: கையால.

இந்துஜா: கூச்சமா இருக்கு அக்கா. அவரு போவட்டு, நிக்கேன்.

ஓமனா: போன்ல பேசிட்டு நிக்காரு ஏட்டி. பேசி முடிக்க பொழுதாவும். பின்னால பஸ்சுக்காரன் கெடந்து அலறுதான்.

இந்துஜா: நம்மளையா?

ஓமனா: பின்ன அந்தக் கோழியையா?

இந்துஜா: அடிக்கேன்... அடிச்சிட்டேன். ஸாரி அங்கிள்.

ஓமனா: கண்ணாடியை ஏத்தி வெச்சிட்டு ஆருக்கிட்ட ஸாரி சொல்லுத?

இந்துஜா: மனசுக்கு ஒரு இது... ஆற்றூர் வந்தாச்சு. திரும்பிரலாமா?

ஓமனா: எதுக்கு? மார்த்தாண்டம் வரைக்கும் போவலாம்.

இந்துஜா: அவ்வளவு தூரமா? உங்களுக்கு வேலை ஒண்ணும்...

ஓமனா: எனக்கு ஒரு வேலையும் இல்ல. வண்டி வாங்குதவ நல்லாப் பாத்து வாங்கணும். வேணும்னா திரும்பி வரும்போ இத்திரி தூரம் கூடச் சுத்தி வரலாம்.

இந்துஜா: அப்ப... அந்த ஏத்தத்துல ஒருக்கா நிறுத்திட்டு எடுத்துப் பாக்கட்டா?

ஓமனா: நல்லா போற வண்டியெ எதுக்கு நிறுத்தணும்?

இந்துஜா: வண்டிக்க பலம் பாக்கத்தான்.

ஓமனா: பாரு, பாரு... ஏட்டி, வண்டி பின்னால போவுது!

இந்துஜா: தெரியுது அக்கா!

ஓமனா: மண்டைக்காட்டு அம்மையே! பிரேக்கு! பிரேக்கைப் பிடி! பின்னால ஆட்டோ! கிளச்சு!

இந்துஜா: நின்னுட்டு... நின்னுட்டு அக்கா. ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டேன்.

ஓமனா: ஆட்டோக்காரன் ஏதோ சொல்லிட்டுப் போறான்.

இந்துஜா: என்ன சொன்னான்?

ஓமனா: நம்ம ரெண்டு பேருக்க அம்மையையும் விசாரிச்சான். எடு. மார்த்தாண்டத்துல மேம்பாலத்துக்கு அடியில திரும்பணும். அங்க தெரியும் வண்டிக்க பலமும் ஒனக்க பலமும்.

இந்துஜா: இவ்வளவு வண்டி எங்கேருந்து அக்கா வருது? எனக்குக் கண்ணை மூடணும் போல இருக்கு.

ஓமனா: ஓட்டுதவ கண்ணை மூடப்பிடாது. அதை நான் பாத்துக்கிடுதேன்.

இந்துஜா: ...திரும்பிட்டேனா?

ஓமனா: இரு, கண்ணைத் திறந்து பாத்துச் சொல்லுதேன். திரும்பிட்ட! கெட்டிக்காரி!

இந்துஜா: எனக்க கை பாருங்க. பிசின் மாதிரி ஸ்டியரிங்ல ஒட்டிட்டு.

ஓமனா: போற வழில வெள்ளம் குடிக்கலாம். பைய போ.

இந்துஜா: வெள்ளம் குடிச்ச பெறகு கை சரியாயிட்டு அக்கா.

ஓமனா: மக்கா, ஒண்ணு கேக்கட்டா? ஆற்றூரும் தாண்டி வீட்டுக்கிட்ட வந்தாச்சு. இருபது கிலோமீட்டர் ஓட்டியாச்சு. நீ இன்னும் வெலை கேக்கல்ல.

இந்துஜா: ...நீங்களும் சொல்லல்லியே.

ஓமனா: நீ கேப்பேன்னு இருந்தேன்.

இந்துஜா: நீங்க சொல்லுவீங்கன்னு நானும்...

ஓமனா: ஒனக்க பேப்பர்ல அந்தக் கேள்வி இருக்கா?

இந்துஜா: ...இல்ல.

ஓமனா: வண்டியெ முற்றத்துல விடு. பலாமரத்துக்கிட்ட. பைய... மரத்துல முட்டாத. ஆ, போதும். இப்பம் சொல்லு.

இந்துஜா: திட்டக் கூடாது.

ஓமனா: திட்டல்ல.

இந்துஜா: நான் வண்டி வாங்க வரல்ல அக்கா. ஆபீசுலயே வண்டி தருவாங்க. இதே மாதிரி வண்டி. எனக்கு ஓட்டிப் பழகணும். வீட்டுல சைக்கிள்தான் உண்டு. அதான் இதே மாதிரி வண்டி எங்கெல்லாம் விக்கப் போட்டிருக்கோ... அங்கெல்லாம் போய் ஓட்டிப் பாக்கேன். இது ஏழாவது.

ஓமனா: ட்ரைவிங் ஸ்கூலு போவல்லியா?

இந்துஜா: முப்பது நாளு போனேன். முப்பது நாளும் ராஜையன் சாருக்க காலு அவருக்க பக்கத்து பிரேக்குலயே இருந்துது. கடைசி நாளு காலை எடுத்தாரு. அப்பதான் தெரிஞ்சுது, அத்தனை நாளும் அவரு ஓட்டியிருக்காரு, நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு வேடிக்கை பாத்திருக்கேன். மன்னிச்சிருங்க அக்கா.

ஓமனா: அப்பம் நீ வாங்க மாட்டியா?

இந்துஜா: மாட்டேன்.

ஓமனா: சத்தியமா?

இந்துஜா: சத்தியமா அக்கா. எனக்கு வேற...

ஓமனா: அப்பாடா!

இந்துஜா: ...அப்பாடாவா?

ஓமனா: நான் விக்கல்ல மக்கா.

இந்துஜா: விக்கல்லியா? அப்ப போன்ல போட்டிருந்த விளம்பரம்?

ஓமனா: மீட்டர் ஏறத்தான். அவிய வண்டியெ வாங்கி, லீவுல ஒரு மாசம் ஓட்டி, மீட்டரைப் போட்டோ எடுத்து வெச்சிட்டுப் போனாவ. 'இனி நீ ஆருக்க தயவும் பாக்காண்டாம், ஓமனா, எங்க வேணும்னாலும் போ'ன்னு சொன்னாவ. நானும் தினமும் போன்ல பள்ளிக்கொடம் போனேன், பத்மநாபபுரம் போனேன், மார்த்தாண்டம் போனேன்னு சொல்லிட்டு இருக்கேன். போனது பஸ்லயாக்கும்.

இந்துஜா: அண்ணன் நம்பினாங்களா?

ஓமனா: நம்பாம? ஸ்டியரிங்கைப் பிடிச்சு போட்டோ அனுப்புவேன்லா. நாலு சாரி மாத்தி மாத்தி. எல்லாம் இதே எடம். பின்னால இதே பலாமரம். ஒரு போட்டோல காய் கிடக்கும், ஒரு போட்டோல கிடக்காது. அவ்வளவுதான் நான் போன தூரம்.

இந்துஜா: அக்கா...

ஓமனா: அங்க ரூம்ல இருக்க கூட்டுகாரனுவளுக்கெல்லாம் 'எனக்க பொண்டாட்டிய பாருங்கலே'ன்னு காட்டியிருக்காவ. இனி எந்த வாயோட இல்லன்னு சொல்ல? அதான் விளம்பரம் போட்டேன். பத்து நாளா ஆளு வருது, ஓட்டுது, மீட்டர் ஏறுது. நேத்து ஒருத்தரு வாங்கியே தீருவேன்னு நின்னாரு. வண்டிக்குள்ள பாம்பு கேறிட்டுன்னு சொல்லி விரட்டினேன்.

இந்துஜா: நீங்க சொன்ன கணக்குக்கு மீட்டர்ல எவ்வளவு இருக்கணும்?

ஓமனா: ஒன்பதாயிரமாவது வேணும்.

இந்துஜா: இன்னைக்கு செவ்வாய். சனிக்கிழமைக்குள்ள ஏழாயிரத்து ஐந்நூறு... அக்கா, காஷ்மீர் போயிட்டு வந்தாத்தான் சரியாவும்.

ஓமனா: கிளீட்டஸ் இருந்தாப் போலாம்.

இந்துஜா: ஆரு?

ஓமனா: கிளீட்டஸ்னு ஒருத்தரு. மூணு தடவை வந்தாச்சு, நாலு மணிக்கு நாலாம் தடவை வாறாரு. நல்ல மனுசன். எவ்வளவு தூரம் சொன்னாலும் ஓட்டுவாரு.

இந்துஜா: கட்டை மீசை... சட்டைப் பைல செவப்புப் பேனா?

ஓமனா: ஒனக்குத் தெரியுமா?

இந்துஜா: உங்க நம்பரைத் தந்ததே அவருதான் அக்கா. ட்ரைவிங் ஸ்கூலுல எனக்க கூடப் படிச்சவரு. 'வேர்கிளம்பில ஒரு அக்கா இருக்கு, எங்க வரைக்கும் ஓட்டினாலும் ஒண்ணும் சொல்லாது'ன்னாரு.

ஓமனா: அவரும்... வாங்க வரல்லியா?

இந்துஜா: டெஸ்ட்ல ரெண்டு தடவை தோத்தாரு.

ஓமனா: நான் அவருக்க கூட மேம்பாலத்துக்க மேல போனேனே! பாட்டெல்லாம் பாடிட்டு ஓட்டினாரே!

இந்துஜா: அது பாட்டில்ல அக்கா. ஜெபம்.

ஓமனா: ஏட்டி... நான் கூடச் சேந்து கை தட்டினேன்.

இந்துஜா: அழாதீங்க அக்கா.

ஓமனா: அழல்ல, சிரிக்கேன். இல்ல, ரெண்டும்தான். பத்து நாளா உயிரைக் கையில பிடிச்சிட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியல்ல. சவத்தெ விடு... சனிக்கிழமைதான் பிரச்சினை. 'ஏர்போர்ட்டுக்கு நீயே வண்டி எடுத்திட்டு வா, நான் பின் சீட்டுல காலை நீட்டிட்டு, நீ ஓட்டுததைப் பாத்துட்டே வாறேன்'னு சொல்லியிருக்காவ. ரெண்டரை வருசமா ஆசைப்பட்டு இருக்காவ மக்கா.

இந்துஜா: நீங்க ஓட்டுங்க அக்கா. மீட்டரைப் பாக்கவே தோணாது அவங்களுக்கு.

ஓமனா: டச்சு விட்டுப் போச்சு.

இந்துஜா: உங்களுக்கா? இவ்வளவு நேரமும் நீங்கதான சொல்லிச் சொல்லித் தந்தீங்க? கிளச்சு, கியரு, பிரேக்குன்னு. நீங்க கத்தல்லன்னா அந்த ஆட்டோவை நான் இடிச்சுச் சப்பி வெச்சிருப்பேன். ராஜையன் சார் கூட இப்படிச் சொன்னதில்ல.

ஓமனா: வாறவங்க போறவங்க சொல்லுததைக் கேட்டு... அதெல்லாம் வாய்ல இருக்கும் மக்கா.

இந்துஜா: நாலு நாளு இருக்கு. நானும் தினமும் வாறேன். எனக்கும் கீரிப்பாறை ஏறணும்லா? இப்ப நீங்க இங்க வாங்க, நான் அந்தப் பக்கம் இருக்கேன். முற்றத்துக்குள்ள மட்டும்.

ஓமனா: இப்பமா? மாமியாரு பாப்பாவ.

இந்துஜா: பாக்கட்டும். அவங்களுக்கும் நீங்க ஓட்டுவீங்கன்னுதான நெனப்பு?

ஓமனா: ...நெனப்புதான். செரி, எறங்கு.

இந்துஜா: சீட்டு போதுமா? முன்னால தள்ளணுமா?

ஓமனா: வேண்டாம். போட்டோக்கு இருந்து இருந்து எனக்குச் சரியாத்தான் வெச்சிருக்கேன்.

இந்துஜா: அப்ப சாவியைத் திருகுங்க.

ஓமனா: இரு.

இந்துஜா: என்ன அக்கா?

ஓமனா: நீ சிரிக்கப்பிடாது.

இந்துஜா: சிரிக்க மாட்டேன்.

ஓமனா: ஆருக்கிட்டயும் சொல்லப்பிடாது. அந்தக் கிளீட்டஸுக்கிட்ட கூட.

இந்துஜா: சத்தியமா.

ஓமனா: காலுக்கிட்ட மூணெண்ணம் கிடக்குல்லா... இதுல பிரேக்கு எது மக்கா?